கால் படாத இடம்

நாள் 212, 06:40
இதைக் கண்டெடுப்பவருக்கு: என் பெயர் திலகவல்லி. வயது நாற்பத்தாறு. தாவரவியலாளர். தாரை என்னும் கோளின் இந்தப் பள்ளத்தாக்கில் நான் தனி ஆள். நிலத்திலிருந்து கசியும் நச்சு வாயு இன்று அளவு 3. ஐந்து வரை முகமூடி தேவையில்லை. அதை உறிஞ்சிக்கொள்வது இங்கே மண்டிக் கிடக்கும் நீலப்பாசி மட்டுமே. அறுபத்திரண்டு பேரோடு கப்பல் இறங்க இன்னும் இருபத்தெட்டு நாள். திரும்பிப் போக அவர்களிடம் எரிபொருள் இல்லை.
பாசியைக் கண்காணிக்க நான் பிரித்த சதுரங்களில் 41ஆவதில் பச்சையாக ஏதோ தெரிகிறது.

நாள் 212, 17:15
அருகம்புல். நான் போட்டதுதான். சதுர்த்தியன்று மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, ஊரிலிருந்து ஒளித்துக் கொண்டுவந்து தொட்டியில் வளர்த்த புல்லைச் சாத்தினேன். பூஜை செய்ததை எரிகலனில் போட மனம் வரவில்லை. கால் படாத இடத்தில்தான் போட வேண்டும். இங்கே அப்படி ஓர் இடம், யாரும் மிதிக்கக் கூடாதென்று நானே வேலியிட்ட பாசிச் சதுரம். இத்தனை படித்தவள் செய்த காரியம்.

நாள் 221, 16:20
பிடுங்கிக்கொண்டே இருக்கிறேன். ஒரு கணு அறுந்து கிடந்தாலும் துளிர்க்கிறது. புல் போர்த்திய இடத்தில் பாசி வெளுத்துச் சாகிறது. பத்தொன்பது சதுரங்கள். அளவு 6.
கப்பலுக்கு 3 என்றே அனுப்பினேன். காரணம் கேட்டால் என்ன சொல்வேன்? இறங்குவதற்குள் அழித்துவிடலாம்.
விமானி நெய்னாவின் செய்தி: "என்னக்கா, கேமராவுல பச்சையாத் தெரியுது? எங்களுக்குத் தோட்டம் போட்டு வச்சிருக்கீங்களோ? கப்பல்ல பொறந்த பசங்க, புல்லையே பாத்ததில்ல. சொன்னதுலேருந்து குதிக்குதுங்க."
ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

நாள் 233, 14:10
எரித்தேன். மேலே கருகியது. மூன்றாம் நாள் அடியிலிருந்து கிளம்பிவிட்டது. கல்யாணத்தில் வாழ்த்துவார்களே, அருகு போல் வேரோடி என்று. என்னையும் வாழ்த்தினார்கள். எனக்கு வேர் ஓடவில்லை. இதற்கு ஓடுகிறது.
அளவு 14. பத்தைத் தாண்டினால் தூக்கம் வரும். இருபதில் தூங்கியவர் எழுந்திருப்பதில்லை.
3 என்று அனுப்பினேன். கப்பலில் வாயு அளவி கிடையாது. என் எண்தான் அவர்களுக்கு மூக்கு.

நாள் 240, 10:05
அளவு 22. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பிள்ளையார், புல், பொய், எல்லாம். பதில் இல்லை. இறக்கம் தொடங்கிவிட்டது, அந்தத் தீப்பிழம்புக்குள் ரேடியோ எடுக்காது. முகமூடி, முகமூடி என்று கத்திக்கொண்டே இருந்தேன்.

10:31
இறங்கிவிட்டது. அதிர்வில் என் ரேடியோ கம்பம் சாய்ந்துவிட்டது. கைக்கருவியில் அவர்கள் பேசுவது கேட்கிறது, என் குரல் அங்கே போகவில்லை. மூன்று கிலோமீட்டர். இது குரல்பதிவு. முகமூடியோடு ஓடிக்கொண்டிருக்கிறேன்.

10:44
நெய்னா: "அக்கா, எங்க இருக்கீங்க? கதவத் தொறந்ததும் பசங்க செருப்ப வீசிட்டு ஓடிருச்சுங்க. புல்லுல உருளுதுங்க. வாங்கன்னு சொல்ல ஆளையே காணோமே!"

10:52
தெரிகிறார்கள். யார் முகத்திலும் முகமூடி இல்லை. மேல்சட்டையைக் கழற்றி ஆட்டுகிறேன். உள்ளே போங்கள். உள்ளே.
பதிலுக்குக் கையாட்டுகிறார்கள்.

10:58
நெய்னா: "ஏங்க்கா இப்படி ஓடியாறீங்க... மெதுவா வாங்க. நாங்க எங்க போயிடப் போறோம்? பசங்க ஆடிக் களைச்சுப் படுத்துட்டாங்க. மெத்து மெத்துனு... நானும் ஒரு அஞ்சு நிமிஷம்..."

11:03
யாரும் கையாட்டவில்லை.