வின்னிபெக் போன மங்காஃப் திரை

மங்காஃப், குவைத்,
வெள்ளிக்கிழமை காலை

அன்பு மகள் ஷ்ருதிக்கு,

அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பா தும்மாத நேரத்தில் கூடுதல் சுகம். நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் போனில் ஒரு சிவப்பு இதயம் வரும், அதற்குப் பிறகு இரண்டு நாளைக்கு ஒன்றும் வராது. அதனால்தான் கடிதம். மூன்றாம் மாடி அலாவுதீன் பாய் தன் மகளைப் பார்க்க உன் வின்னிபெக்குக்கே வருகிறார், அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். இதற்கு இதயம் அனுப்பித் தப்பிக்க முடியாது. நீ படித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்து டீ குடிக்கச் சொல்லியிருக்கிறேன், பாயும் எத்தனை டீ கொடுத்தாலும் குடிப்பார்.

இந்த வருஷம் இங்கே நல்ல குளிர். சிரிக்காதே, உன் ஊர் பனியில் உறைந்து கிடப்பது தெரியும். ஆனால் உனக்கு வீட்டுக்குள் வெந்நீர்க் குழாய் ஓடிச் சூடு கொடுக்கிறது. நம் வீடு வெயிலை விரட்டவென்றே கட்டியது, குளிர் வந்தால் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்கிறது. தரையில் கால் வைக்க முடியவில்லை. உன் அப்பா மங்கி குல்லாவும் இரண்டு சாக்ஸும் போட்டுக்கொண்டு ஊட்டிக்குச் சுற்றுலா வந்தவர் மாதிரி ஹாலில் நடமாடுகிறார். கோடையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கிறதென்று கீஸரை அணைத்துவிட்டு, அதில் தேங்கி நிற்பதைப் பச்சைத் தண்ணீராகப் பிடித்துக் குளிப்போமே, அந்தப் பழக்கத்தில் கீஸர் சுவிட்சை மறுபடி போடவே மறந்துவிட்டார். குளிர் இறங்கிய அன்று சிவப்புக் குழாயைத் திறந்து அடியில் நின்றவர் போட்ட சத்தத்தில் நம் கட்டடக் காவலாளி ஈசா படியேறி ஓடி வந்துவிட்டார். விஷயம் தெரிந்ததும், "ஹீட்டர் மாஃபி?", ஹீட்டர் இல்லையா என்று அனுதாபத்தோடு கேட்டார். ஹீட்டர் இருக்கிறது, இந்த மனுஷருக்குத்தான் ஞாபகம் மாஃபி என்று நான் அரபியில் சொல்லத் தெரியாமல் தலையை மட்டும் ஆட்டினேன். முப்பது வருஷமாக ஒரு கம்பெனியே இவரை நம்பிக் கணக்குப் பார்க்கக் கொடுத்திருக்கிறது.

நீ அனுப்பும் உபதேசங்களையும் விடாமல் படிக்கிறேன். குளிர்காலத்தில் மனதைத் தேற்றிக்கொள்ளச் சின்னச் சின்னச் சுகங்களைத் தேட வேண்டுமாம். வாசனை மெழுகுவர்த்தி ஏற்றச் சொன்னாய். ஏற்றினேன். குவைத்திலேயே கரண்ட் போய்விட்டதா என்று அப்பா டார்ச் எடுத்துக்கொண்டு வந்தார். டீயைக் குடிக்கும் முன் கொஞ்ச நேரம் அதைக் கவனிக்கச் சொன்னாய். கவனித்தேன், ஆடை படிந்ததுதான் மிச்சம். ஜன்னல் வழியாக உலகத்தை ரசிக்கச் சொன்னாய். எந்த ஜன்னல் வழியாக? போன மே மாதம் வெயிலைத் தடுக்க ஒட்டிய அலுமினியத் தாளை உன் அப்பா இன்னும் கிழிக்கவில்லை. ஹாலில் ஜன்னலைப் பார்த்தால் என் மூஞ்சிதான் தெரிகிறது, அதுவும் நசுங்கி. இதையெல்லாம் சொல்லித் தர அங்கே ஒரு வகுப்பு வேறு நடக்கிறதாமே. எனக்கும் சுகங்கள் உண்டடி, அவற்றுக்குப் பெயர்தான் வைக்கவில்லை. சோறு வெந்து இறக்கிக் கொஞ்சம் சூடு தணிந்த குக்கரை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நிற்பேன். இஸ்திரி போட்ட சட்டையை உடனே பீரோவில் வைக்காமல் மடியில் கொஞ்ச நேரம் வைத்திருப்பேன். முள்ளங்கி இப்போது இலையோடு வருகிறது, சாம்பார் மணத்துக்கு உன் மெழுகுவர்த்தி கிட்டே வர முடியாது. ஆனால் ஒன்று யோசித்தேன். சந்தோஷமாக இருக்கிற பெண் யாராவது, சந்தோஷமாக இருப்பது எப்படி என்று தன் அம்மாவுக்கு இத்தனை செய்தி அனுப்புவாளா?

போன மாதம் நீ, "முடியலம்மா, எல்லாத்தையும் விட்டுட்டு வந்துடறேன்" என்றாய். நான் வாய் திறக்கும் முன் அப்பா போனைப் பிடுங்கி, "திரும்பி வர்றதெல்லாம் மாஃபி. படிப்ப முடிச்சுட்டுத்தான் வரணும், கலாஸ், பேச்சு முடிஞ்சது" என்று சைட்டில் ஆள் விரட்டுகிற மாதிரிப் பேசிவிட்டார். அதிலிருந்து நீயும் அவரும் பேசவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் நான் தபால்காரியாக இருக்கிறேன், கொண்டுபோக ஒரு சொல்லும் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது ஷ்ருதி. நாங்கள் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது உனக்கு உச்சிவேளை. அப்போதும் வீடியோவில் உன் பின்னால் இருட்டு, தலைக்கு மேல் விளக்கு, உடம்பில் அதே சாம்பல் ஸ்வெட்டர். ஒருநாள் கேட்டதற்கு, "இங்க வெயிலே கிடையாதும்மா, எப்பவும் ராத்திரிதான்" என்றாய். பாவம், என்ன ஊரோ என்று நானும் நம்பினேன். அன்றைக்கே உன்னோடு ஒரே வீட்டில் இருக்கிற சுஷ்மிதா ஸ்டேட்டஸில் ஒரு போட்டோ போட்டிருந்தாள். உறைந்துபோன ஆற்றின் மேல் நிற்கிறாள், கூலிங் கிளாஸ் போட்டிருக்கிறாள், பனியில் வெயில் பட்டுப் போனைப் பார்க்கும் என் கண்ணே கூசுகிறது. ஒரே வீட்டில் உனக்கு ராத்திரி, அவளுக்குப் பட்டப்பகலா?

அவளையே கேட்டேன். கோள் சொன்னாள் என்று அவளிடம் சண்டைக்குப் போகாதே, நான்தான் துருவினேன். "ஆன்ட்டி, அவ கர்ட்டனத் தொறக்கவே மாட்டா. தலைவலி போலன்னு நாங்களும் ஒண்ணும் கேட்கல" என்று சொல்லி, உன் அறை வாசலில் நின்று ஒரு போட்டோவும் எடுத்து அனுப்பினாள். பார்த்ததும் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. காப்பிப்பொடி நிறம், ஓரத்தில் தங்கப் பூ, பின்னால் ரப்பர் துணி வைத்துத் தைத்தது. நம் திரை! நீ கிளம்பிய ஆகஸ்ட்டில், ஊறுகாயை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு அந்த எடைக்கு உன் அறைத் திரையைக் கழற்றி உன் பெட்டியில் திணித்தவர் உன் அப்பா. "புது ஊரு, வெயில் எப்படி அடிக்குமோ, புள்ள தூங்கணும்" என்றார். நானும் அது ரொம்ப நியாயம் என்று தலையாட்டினேன். உலகத்திலேயே பனிக்காட்டுக்கு வெயில் தடுப்புத் திரை கட்டி அனுப்பிய குடும்பம் நாம் ஒன்றுதான். நீயாவது யோசித்தாயா? காலையில் பல் விளக்கும் முன் திரையை இழுத்து மூடுவது உன் கையிலேயே ஊறிப்போயிருக்கிறது. அங்கே போயும் தினம் தினம் வெயிலுக்குக் கதவடைத்துவிட்டு, வெயில் இல்லை என்று அழுதிருக்கிறாய். மக்குப் பெண்ணே. இதில் எனக்கு மெழுகுவர்த்தி உபதேசம்!

அதைக் கழற்று. எல்லாம் அதனால்தான், கழற்றினால் சரியாகிவிடும் என்று சொல்ல நான் ஒன்றும் டாக்டர் இல்லை. ஆனால் முதலில் வெளிச்சத்தில் உட்கார்ந்து ஒரு வேளை சோறு சாப்பிடு, அந்த சுஷ்மிதாவோடு ஆற்றங்கரை வரைக்கும் நடந்து போய் வா, உங்கள் காலேஜில் டாக்டர் இருந்தால் போய்ப் பார்த்து உள்ளதைச் சொல், எனக்குச் சொல்கிற மாதிரி மழுப்பாதே. இருட்டில் உட்கார்ந்துகொண்டு எந்த முடிவும் எடுக்காதே. வெளிச்சத்தில் உட்கார்ந்து யோசித்தும் வரத்தான் வேண்டும் என்று தோன்றினால் கிளம்பி வா. படிப்பு எங்கும் ஓடிப்போகாது. மாஃபி, கலாஸ் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். திரை உன்னோடு வந்துவிட்டதல்லவா, இந்த வீட்டிலேயே வெயில் விழுகிற அறை இப்போது உன் அறை ஒன்றுதான். அதில் தாளும் ஒட்டவில்லை. லீவு நாள் காலையில் அப்பா டீயை எடுத்துக்கொண்டு போய் உன் கட்டிலில் உட்கார்ந்துவிடுகிறார். வெயில் நகர நகர அவரும் நகர்கிறார், கடைசியில் உன் தலையணை வரைக்கும் வந்துவிடுகிறார். கேட்டால் குளிருக்கு இதமாக இருக்கிறது, வேறென்ன என்கிறார். போன வாரம் அந்த ஜன்னலுக்குப் புதுத் திரை வாங்கி வந்தேன். "இப்ப எதுக்கு? இருக்கட்டும்" என்று பிரிக்கக்கூட விடவில்லை. சுஷ்மிதா அனுப்பிய போட்டோவை அங்கேயே கொண்டுபோய்க் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். டீ ஆறிவிட்டது. பிறகு, "அவள அதக் கழட்டச் சொல்லு" என்றார். போன மாதத்துக்குப் பிறகு உன்னைப் பற்றி அவர் பேசியது அன்றுதான். நீங்களே சொல்லுங்களேன் என்றேன். வெயில் கண்ணில் அடிக்கிறது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

பருப்புப் பொடி, வடகம், அப்பா அன்றைக்கு எடுத்துப் போட்ட அதே எலுமிச்சை ஊறுகாய் எல்லாம் பாயிடம் இருக்கிறது. ஊறுகாயில் ஈரக் கரண்டி போடாதே. எல்லாத் தெய்வமும் உன் பக்கத்தில் இருக்கட்டும், நன்றாக இருப்பாய். திரையை மறக்காமல் மடித்துப் பாயிடமே கொடுத்தனுப்பு, இங்கே மே மாதம் வேண்டியிருக்கும். அடுத்த தடவை பேசும்போது சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டேன், நீயும் உன் முகத்தைக் காட்ட வேண்டாம். போனை ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடி. நான் அப்பா கையில் கொடுத்துவிடுகிறேன்.

உன் அம்மா,
வசந்தகுமாரி