பதினாலும் பதினெட்டும்

திருக்காட்டுப்பள்ளி
14-6-1989

சௌ. வத்ஸலாவுக்கு அப்பா அநேக ஆசீர்வாதம்.

க்ஷேமம் என்று எழுதித் தொடங்குவதுதான் நம் வீட்டு வழக்கம். இந்தத் தடவை அந்த வரியைத் தாண்டிப் போகிறேன். பதறாமல் கடைசி வரை படி. மாப்பிள்ளை சாமாவும் படிக்கட்டும்.

என் கழுத்தில், இடது பக்கம், ஒன்றரை வருஷமாக ஒரு கட்டி இருக்கிறது. உனக்கு எழுதவில்லை. அம்மாவிடம் சளிக்கட்டி என்று சொல்லி வைத்திருக்கிறேன். வலி இல்லாததால் நானும் அசட்டையாக இருந்துவிட்டேன். இன்னொரு காரணமும் உண்டு. கடைமடை நிலம் ஆறு மாவுக்காக மாரியப்பனோடு நடக்கிற குத்தகை வழக்கு உனக்குத் தெரியும். ஆட்சிகள் மாறின, தாசில்தார்கள் மாறினார்கள், வழக்கு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நம் உடம்பு தளர்ந்தது எதிராளிக்குத் தெரிந்தால், நாம் போய்ச் சேரும் வரை இழுத்தடிப்பான். இப்போதே ஒவ்வொரு விசாரணையிலும் அவன்தான் எழுந்து வாய்தா கேட்கிறான். அதனால் கோர்ட்டுக்குப் போகும்போதெல்லாம் கழுத்தைச் சுற்றித் துண்டைப் போட்டுக்கொண்டு போனேன். சித்திரை வெயிலிலும் அப்படித்தான்.

போன மாதம் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கட்டியிலிருந்து துண்டு எடுத்துப் பார்த்தார்கள். லிம்போமா என்று பெயர். நிணநீர்ச் சுரப்பிகளில் வருகிற புற்றுநோய். குரோமோசோம் சோதனையும் செய்தார்கள். அந்த ரிப்போர்ட் நேற்றுத் தபாலில் வந்தது. பதினாலாவது குரோமோசோமும் பதினெட்டாவதும் ஒடிந்து, துண்டுகள் ஒன்றின் இடத்தில் மற்றொன்று போய் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவாம்.

இதன் அர்த்தத்தை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. முப்பத்திரண்டு வருஷம் பத்தாம் வகுப்புக்குப் போர்டில் நானே வரைந்து காட்டியதுதான். தாயிடமிருந்து இருபத்து மூன்று, தகப்பனிடமிருந்து இருபத்து மூன்று. உன் தாத்தாவும் கழுத்துக் கட்டியோடுதான் போனார். அவர் எனக்குக் கொடுத்தார், நான் உனக்குக் கொடுத்திருக்கிறேன். நீ அடுத்ததற்குக் கொடுப்பாய்.

உனக்கு இது மூன்றாவது மாதம். எழுதக் கை கூசுகிறது. இருந்தாலும் தகப்பன் என்ற முறையில் சொல்கிறேன். இந்தக் குழந்தை வேண்டாம். அங்கே பிலாயிலேயே நல்ல டாக்டரம்மாவாகப் பார்த்து உடனே போ. நாள் தள்ளினால் உன் உயிருக்கு ஆபத்து. அம்மாவுக்கு இதைப் பற்றி எதுவும் எழுதாதே. மனதைக் கல்லாக்கிக்கொண்டுதான் எழுதுகிறேன். பகவான் உனக்குத் திடம் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
அப்பா
தி. ராமச்சந்திரன்


திருக்காட்டுப்பள்ளி
3-7-1989

என் கண்ணான வத்ஸலாவுக்கு,

முதலில் இதைப் படி. போன கடிதத்தில் நான் எழுதியது தப்பு. டாக்டரிடம் போகாதே. என் வியாதியால் குழந்தைக்கு ஒரு கெடுதலும் இல்லை. சனிக்கிழமை தந்தி கொடுத்தேன், உன் கைக்கு வந்ததா தெரியவில்லை. உங்கள் பக்கத்து வீட்டு நம்பருக்கு நேற்றும் இன்றும் ட்ரங்க்கால் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். லைன் கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மறுபடியும் சென்னைக்குப் போனேன். சோதனை செய்த டாக்டர் ஹமீதா பானுவிடம், என் மகளுக்கும் இந்தச் சோதனையைச் செய்துவிடலாமா என்று கேட்டேன். எதற்கு என்றார். நான் வகுப்பு எடுப்பதுபோல எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, அந்தப் பெண் மேஜைமேல் இரண்டு போட்டோக்களை வைத்தார். ஒன்று கட்டியின் செல், இன்னொன்று அதே நாளில் என் கையிலிருந்து எடுத்த ரத்தத்தின் செல். எண்ணிப் பார்க்கச் சொன்னார். முதல் படத்தில் பதினாலும் பதினெட்டும் மாறிக் கிடந்தன. இரண்டாவதில் எல்லாம் ஒழுங்காக ஜோடி ஜோடியாக இருந்தன. மூன்று தடவை எண்ணினேன், வத்ஸலா.

“சார், நீங்க பாடத்துல சொன்னது பொறக்கும்போதே வர்றது. இது நீங்க பொறந்த பிறகு, எப்பவோ, ஒரே ஒரு செல்லுல நடந்த தப்பு. அந்த ஒண்ணு பெருகித்தான் இந்தக் கட்டி. உங்க அப்பா குடுத்ததும் இல்ல, உங்க பொண்ணுக்குப் போறதும் இல்ல” என்றார். ஒரு வகை ரத்தப் புற்றுநோயில் ஒன்பதும் இருபத்திரண்டும் இப்படி மாறுமாம். குழந்தைகளுக்கு வரும் ஒரு லிம்போமாவில் எட்டும் பதினாலும். அவையும் பெற்றவர்கள் கொடுத்தவை அல்ல. தாத்தாவின் கட்டி அனேகமாகக் கண்டமாலையாக இருக்கும், அது காசநோய் என்றார்.

நான் புரிந்துகொண்டபடி உனக்குச் சொல்கிறேன். சாகாதே என்று செல்லுக்குச் சொல்கிற ஒரு துண்டு பதினெட்டில் இருக்கிறது. கடைமடை வயல்போல அதற்கு எப்போதோதான் தண்ணீர் எட்டும். அது ஒடிந்துபோய்ப் பதினாலின் தலைமடையில், மூடவே மூடாத மதகுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. அதனால் சாக வேண்டிய செல் சாக மாட்டேன் என்கிறது. அவ்வளவுதான் விஷயம். இதை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதியிருக்கலாம். வாத்தியாருக்குக் கேட்கிற பழக்கம் இல்லை.

மகளுக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டேன் என்று சொன்னேன். என்ன எழுதினேன் என்பதையும் சொன்னேன். டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். உடனே போய்த் தந்தி கொடுங்கள் என்றார். எனக்குத் தலை சுற்றி, அன்று ராத்திரி வரை அங்கேயே படுக்க வைத்துவிட்டார்கள். புத்தி கலங்கி, சென்னையிலிருந்தே தந்தி கொடுக்கத் தோன்றாமல் பஸ் ஏறிவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் இங்கே பஸ்ஸை விட்டு இறங்கினால் நடக்க முடியவில்லை. தபாலாபீஸ் மூடுகிற நேரம். மாரியப்பன் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தான். ஒன்றும் கேட்காமல் என்னைத் தூக்கி சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து மிதித்தான். வழியில், என் கழுத்து வீக்கத்தைப் போன வருஷமே பார்த்துவிட்டதாகச் சொன்னான். “அதோட வாத்தியாரய்யா கோர்ட்டுல நிக்கிறதப் பாத்து எனக்கு மனசு கேக்கலைங்க. அதான் ஒவ்வொரு தடவையும் வாய்தா கேட்டேன்” என்றான். இவனுக்குத் தெரியக் கூடாது என்றுதான் ஒன்றரை வருஷத்தைத் துண்டுக்குள் மறைத்தேன். அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

தந்தி வாங்குகிற அஹமது கபீர் என் மாணவன். நான் எழுதிக் கொடுத்ததை இரண்டு தடவை படித்தான். ‘அப்பா சொன்னது தப்பு. எதுவும் செய்யாதே.’ அவ்வளவுதான் எழுதியிருந்தேன். “சார், நீங்க தப்புன்னு சொல்லி நான் கேட்டதே இல்லையே” என்றான். பாரம்பரியப் பாடத்தில் அவனுக்கு நான் நூற்றுக்குத் தொண்ணூறு போட்டது ஞாபகம் வந்தது.

அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நானே சொன்னேன். “ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தேளே, நம்ம பொண்ணுக்கு எழுதறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா?” என்று கேட்டாள். வேளைக்குச் சாதம் போடுகிறாள், மாத்திரை எடுத்து வைக்கிறாள். வாசலில் தபால்காரர் மணி கேட்டால் எனக்கு முன்னால் அவள் போய் நிற்கிறாள்.

என்னைப் பற்றிக் கேட்பாய். இந்த வகைக் கட்டியோடு பத்து வருஷம்கூட ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்களாம். எனக்கு அது இப்போது வேகம் பிடித்துவிட்டது. ஊசி போட்டுப் பார்க்கலாம் என்றார் டாக்டர். பார்க்கலாம் என்றுதான் சொன்னார். அதை விடு, எனக்கு அறுபத்து மூன்று வயது ஆகிறது.

நான் சொன்னதை நீ ஒரு நாளும் தட்டியதில்லை. காலேஜில் சேராதே என்றபோது சேரவில்லை. பாட்டுப் போதும் என்றபோது தம்புராவுக்கு உறை போட்டாய். உன்னைப் பற்றி அதைத்தான் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லுவேன். இப்போது அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. என் கடிதம் இருபதாம் தேதிக்குள் உனக்கு வந்திருக்கும். தந்தி போனது ஒன்றாம் தேதி. நடுவில் பத்து நாள். அந்தப் பத்து நாளில் ஒரு தடவையாவது என் பேச்சைக் கேட்காமல் இருந்திருப்பாயா, அம்மா?

எனக்குப் பதில் எழுதக் கஷ்டமாக இருந்தால் எழுத வேண்டாம். குழந்தை இருந்தால் ஒரு வெற்றுக் கார்டை எடுத்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவித் தபாலில் போடு. கல்யாணப் பத்திரிகைக்குத் தடவுவாயே, அதுபோல. ஒரு எழுத்தும் வேண்டாம். இல்லையென்றால் எதுவும் அனுப்பாதே. உன்னை ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன், மாப்பிள்ளையையும் கேட்க மாட்டேன். தபால்காரர் வாசலைத் தாண்டிப் போகிற நாட்களை அம்மாவும் நானும் எண்ணிக்கொள்கிறோம்.

உங்கள் மூன்று பேருக்கும் என் ஆசீர்வாதம். நான் எழுதியதில் இந்த ‘மூன்று’ என்கிற ஒரு வார்த்தையாவது தப்பாகப் போயிருக்கக் கூடாது.

அப்பா