அம்மா சொன்ன ‘சரி’

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் விழாமல் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் இருமல் நின்றிருக்கும், வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இதை டிப்போ கிளார்க் எழுதிக் கொடுக்கவில்லை, நானே எழுதுகிறேன். அம்மாவுக்குக் காது போன பிறகு அவளிடம் ஒன்று சொல்லவேண்டுமென்றால் மாடி முழுக்கக் கேட்கும்படி கத்தவேண்டியிருந்தது. அதனால்தான் இந்த வயதில் அவளே எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். ழ இன்னும் வளைய மாட்டேன் என்கிறது. இத்தனை வருஷமாக நான் கழுவிய பஸ்களின் நெற்றியில் ஊர்ப்பெயர் இருந்திருக்கிறது பார், அதைப் படித்துக்கொண்டே கழுவியதில் வேலை பிந்தி சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினேன். திட்டு வாங்கும்போதும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. உடம்புதான் ஓய்ந்துவிட்டது, இரண்டு வரி எழுதினால் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத்தான் அடுத்த வரி.

உங்கள் ஆபீசில் செய்து நீ அனுப்பிய காது மெஷினைப் பற்றி முதலில் சொல்கிறேன். பழைய மெஷினுக்குப் பொட்டுபோல ஒரு பேட்டரி போடவேண்டும், அம்மாவின் விரல் மடங்காது, அது உருண்டு அலமாரிக்கு அடியில் போய்விடும், நான் தரையில் படுத்துத் தேடவேண்டும். இதற்கு அந்தத் தொல்லை இல்லை. தாடையோரம் ஒட்டிய பட்டை, வாய் அசைந்தால் தானே சார்ஜ் ஏற்றிக்கொள்கிறது. மென்றாலும் ஏறும், பேசினாலும் ஏறும். சாப்பிட்டு எழுந்ததும் நன்றாகக் கேட்கும் என்று சேதியெல்லாம் அந்த நேரத்துக்கு எடுத்துவைத்துச் சொல்கிறேன். எதிர் அறைத் தையல்காரியோடு குழாயடியில் சண்டை போட்டுவிட்டு வந்தால் சாயங்காலம் வரை காது துல்லியம். முதல் நாளே நான் குறட்டை விடுவதைக் கேட்டு, இத்தனை நாள் காது கேட்காதது நல்லதாகப் போச்சு என்றாள். ஆனால் பாப்பா, அதில் ஒரு கோளாறு இருக்கிறது, உன் ஆபீசில் சொல். பேசுகிறவர்களுக்குத்தான் அது லாயக்கு. வாயை மூடிக்கொண்டு அடுத்தவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டே இருந்தால் சார்ஜ் இறங்கி, கேட்டுக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடுகிறது. நம் வீட்டில் கேட்கிறவள் யார், பேசுகிறவள் யார் என்று உனக்கே தெரியும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன தடவை நீ போனில் ரொம்ப நேரம் பேசினாய். புதிய வீட்டைப் பற்றிச் சொன்னாய், ஜன்னலைப் பற்றிச் சொன்னாய், அம்மா ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. கடைசியில், இங்கே அறையைக் காலி பண்ணிவிட்டு நாங்கள் ஒரேயடியாக உன்னிடம் வந்துவிட வேண்டும் என்றாய். வர்றீங்களாம்மா என்று கேட்டாய். அம்மா “சரி” என்றாள். நீ அழுதுவிட்டாய், போனைச் சத்தமாக வைத்திருந்ததால் நான் அடுப்புப் பக்கத்திலிருந்து கேட்டேன். ஒரு நாற்காலியை இடம் மாற்றவே ஒத்துக்கொள்ளாதவள் ஒரே வார்த்தையில் ஊரை விட ஒத்துக்கொண்டாளே என்று எனக்கு ஆச்சரியம். திருப்பிக் கேட்கவில்லை. கேட்டால் மாற்றிச் சொல்லிவிடுவாளோ என்று பயம். மறுநாளே டிப்போவில் போய் வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். டயர் கழற்றுகிற மொட்டை எல்லாருக்கும் டீ வாங்கிக்கொடுத்து, “பஸ்ஸைக் கழுவுனவன் பிளேன்ல போறான், அங்கயும் வாளியைத் தூக்கிட்டு எறங்கிடாதய்யா” என்றான். என் இடத்துக்கு ஆளும் வந்துவிட்டது.

பிறகு அலமாரியை வாங்கிக்கொள்வதற்கு ஒருவர் வந்து நீள அகலம் பார்த்தார். அம்மா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இவர் எதற்கு நம் அலமாரியை அளக்கிறார் என்று கேட்டாள். அவரை அனுப்பிவிட்டு உட்கார்ந்து, நீ போனில் கேட்டதையும் அவள் சொன்னதையும், நீ அழுததையும் தாளில் எழுதிக் காட்டினேன். அவள் முதலில் ஒரு பிழையைத் திருத்தினாள். அப்புறம் இன்னொரு தடவை படித்தாள். “நான் எதுக்குச் சரின்னேன்?” என்றாள். நீ ஜன்னலைப் பற்றிச் சொல்லும்போதே மெஷின் அணைந்துவிட்டதாம். காது போனதிலிருந்து அவளுக்கு ஒரு பழக்கம், எதிரில் பேசுகிறவர் நிறுத்துகிற மாதிரித் தெரிந்தால் சரி என்றுவிடுவாள். போனை நீ வைக்கப்போகிறாய் என்று நினைத்துச் சொன்ன சரி அது.

வர இஷ்டமில்லை என்றாள். பகலெல்லாம் நீ ஆபீஸ் போய்விடுவாய், அங்கே அவளுக்குச் சண்டை போட ஒரு ஆள் உண்டா, யாரோடு பேசி இந்த மெஷினை ஓட்டுவது என்றாள். நான் இல்லையா என்று கேட்டதற்கு, உங்களோடு பேசவேண்டியதெல்லாம் எப்போதோ பேசி முடித்தாயிற்று என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, உங்களுக்குப் போகணுமா என்று கேட்டாள். மெஷினில் சார்ஜ் இறங்கியிருந்தது, தையல்காரி வேறு கதவைத் திறந்துவைத்திருந்தாள், கத்திச் சொல்கிற பதிலா அது. எழுதினேன். முழங்கால் போய்விட்டது, ஈரத்தில் நிற்கமுடியவில்லை, ரொம்ப அலுத்துவிட்டது, பிள்ளையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் போதும்போல இருக்கிறது என்று எழுதினேன். அதில் அவள் பிழை திருத்தவில்லை. தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பிறகு அவள் கேட்டது என்னைப் பற்றி இல்லை. “அவ எதுக்கு அழுதா?” என்றாள். சந்தோஷத்தில்தான் என்று எழுதிக் காட்டினேன். அதை நீங்கள் எப்படிக் கண்டீர்கள் என்றாள். யோசித்துப் பார்த்தேன், எனக்குத் தெரியவில்லை பாப்பா. சிரித்துக்கொண்டே அழுதாயா, இல்லை அழுதுகொண்டே சிரித்தாயா, நான் பிளேனை நினைத்துக்கொண்டிருந்ததால் சரியாகக் கவனிக்கவில்லை. அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அவளுக்கு அங்கே தனியா இருக்க முடியலைன்னா போயிடலாம், காது கேக்காட்டியும் பரவாயில்ல. நம்மளை நினைச்சுக் கவலைப்பட்டுத்தான் கூப்பிடறான்னா வேண்டாம்.” என் முழங்காலை இந்தக் கணக்கில் சேர்க்காதே. வேலையை விட்டாயிற்று, இங்கேயும் உட்கார நாற்காலி இருக்கிறது. வீட்டுக்காரரிடம் உன் பதில் வரும்வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

ராத்திரி கண் விழித்து வேலை செய்யாதே, ஈரத் தலையோடு வெளியே போகாதே. நீ எடுத்த காரியமெல்லாம் கூடிவர வேண்டும், மனத்துக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம். மறக்காமல் இதற்குப் பதிலைத் தாளில் எழுது. போனில் கேட்டால் நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வாய், அது அம்மா சொன்ன சரி மாதிரி. சின்ன எழுத்தாக எழுதினாலும் பரவாயில்லை, நான் கூட்டிப் படித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
உன் அப்பா