திரும்பிப் போன கப்பல்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். இருமல் குறைந்ததா? கடல் கடந்து இங்கு நான் நலம்.

நேற்று எரிவாயுக் கப்பலைக் கயிறு போட்டுக் கட்டி நிறுத்தத் துறைமுகத்தில் காத்திருந்தோம். கண்ணெதிரே வந்த கப்பல் அப்படியே திரும்பிப் போய்விட்டது. "வேற எவனோ கூடுதலா விலை குடுத்து வாங்கிட்டான்பா, கிளம்புங்க" என்றார் மேஸ்திரி. மாப்பிள்ளை ஓடிப்போன கல்யாண வீடு மாதிரி நின்றோம். ஒரே சிரிப்பு.

எரிவாயுத் தொட்டி வற்றியதால் பம்பை நிறுத்திவிட்டார்கள். அந்த இரைச்சல் இல்லாத அறையில் தூக்கம் வரவில்லை. அம்மா மிக்ஸி போடும் சத்தத்தைப் போனில் பதிந்து அனுப்புங்கள்.

நமக்கும் எரிவாயு கப்பலில்தானே வருகிறது? மண்ணெண்ணெய் அடுப்பை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். காரணத்தை அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

மேஸ்திரி கூப்பிடுகிறார். கப்பலுக்காக இல்லை. இங்கே ஊரில் அடுப்பு எரியவில்லையாம். சமைக்க வழியில்லாத ஜனம் காலிப் பாத்திரங்களோடு எங்கள் துறைமுக வாசலுக்கு வந்துவிட்டது. கூட்டத்தைத் தள்ளிக் கதவைப் பூட்ட ஆள் போதவில்லை.

உங்கள் மகன்.