பொங்கலுக்கு அடித்த வெள்ளை

போகி, காலை 07:10
நிலவுச் சுரங்க நிலையம். எழுதுவது வேதியியலாளர் செலின். உலை சீராக ஓடுகிறது. இங்குள்ள கரிய மண்ணிலிருந்து டைட்டானியம் டை ஆக்சைடு எடுக்கிறோம். பெயின்ட், காகிதம், பற்பசை எல்லாவற்றுக்கும் வெண்மை தரும் பொடி. துகள்களுக்குச் சிலிக்கா மேலுறை பூசும் இயந்திரம் மட்டும் பழுது.

என்னோடு இருக்கும் ஒரே ஆள் ததேயுஸ், சுரங்க வண்டி ஓட்டுகிறவன், மணவாளக்குறிச்சிக்காரன். வெள்ளையடிக்காமல் என்ன பொங்கல் என்று ஒற்றைக்காலில் நின்றான். மேலுறை இல்லாத பொடியையே பசையில் குழைத்துக் கொடுத்தேன். சுவர், ஜன்னல், தன் விண்வெளி உடையில் காற்று கசியாமல் காக்கும் கறுப்பு ரப்பர் வளையங்கள் வரை அடித்துத் தள்ளிவிட்டான்.

காணும் பொங்கல், 16:40
ஜன்னலின் வெளிச்சட்டத்து ரப்பரில் அடித்த பெயின்ட் வெயிலில் உதிர்கிறது. அடியில் ரப்பரே இல்லை. நிழல் பக்கம் பெயின்ட் கெட்டியாக இருக்கிறது. மேலுறை இல்லாத பொடி, புற ஊதா ஒளி பட்டால், ஒட்டிய பொருளையே அரிக்கும். எனக்குத் தெரியும். இத்தனை வேகமாக என்று தெரியாது. ததேயுஸ் கூரையில்லாத சுரங்க வண்டியோடு வெளியே வெயிலில் இருக்கிறான்.

16:52
வானொலியில் அவன்: "எக்கா, கழுத்துப் பக்கம் மாவு மாதிரி உதிருது. காத்தும் கொறயுது."
பாறை நிழலில் அசையாமல் உட்காரச் சொன்னேன். நிழலில் அரிப்பு நிற்கும், கசிவு நிற்காது. வெயிலில் திரும்பி வந்தால் வளையம் தாங்காது. காற்று உருளையை நான்தான் கொண்டுபோக வேண்டும். அரை மணி நடை. அவனிடம் ஒரு மணி நேரக் காற்று இருக்கிறது. பயமாக இருக்கிறது. போகிறேன்.

17:01
என் உடை இருக்கும் அலமாரியைத் திறந்தேன். கிருமி கொல்லும் புற ஊதா விளக்கு வழக்கம்போல் எரிந்துகொண்டிருந்தது.
என் வளையங்களும் வெள்ளை. மார்பில் சின்னதாக ஒரு கோலம். என்னிடம் சொல்லவே இல்லை, பாவி.
தொட்டேன். கழுத்து வளையம் கையோடு வந்துவிட்டது.

17:20
டேப் சுற்றினேன். பிடிக்கவில்லை. மறுபடி சுற்றினேன். காற்றடைத்துப் பார்த்தால் சீறுகிறது. வேறு உடை இல்லை.
"எக்கா, கெளம்பியாச்சா?"
கிளம்பிவிட்டேன் என்றேன்.

17:48
"எக்கா, எங்க வாறிய?"
அலமாரி முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கிறேன். கையெல்லாம் வெள்ளை.
பக்கத்தில்தான், ததேயுஸ், இதோ வந்துவிட்டேன் என்று வானொலியில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.