இரண்டு பகா எண்களுக்கு நடுவில்

புது கேட் பாஸ் இன்று காலை கைக்கு வந்தது. சூடு ஆறாத பிளாஸ்டிக் வாசம். எண்ணைப் பார்த்ததுமே வகுக்க ஆரம்பித்துவிட்டேன். நீ ஒட்டவைத்துவிட்டுப் போன வியாதி. ஆறில் முடிகிறது, இரண்டால் வகுபடும். வகுக்கும் வேலை அத்தோடு தீர்ந்தது.

துறைமுகச் சாலை கண்டெய்னர் யார்டில் நாம் ஒரே நாளில் சேர்ந்தோம். வரிசையில் நீ முன்னால், பெரியதாழை சூசை அண்ணாச்சி நடுவில், நான் பின்னால். கேட் பாஸ் எண் உனக்கு 100151, அவருக்கு 100152, எனக்கு 100153. எம்.எஸ்சி. கணிதம் முடித்த உனக்கு இந்த ஊர் கொடுத்தது, வெயிலில் நின்று பெட்டிகளின் எண்களைச் சரிபார்க்கும் ஒப்பந்த வேலை. முதல் டீ இடைவேளையிலேயே சிகரெட் அட்டையில் மூன்றையும் வகுத்துப் பார்த்துவிட்டாய்.

"மக்கா, நீயும் நானும் பகா எண். ரெண்டே வித்தியாசம், அதனால இரட்டைப் பகா எண். எவனாலயும் நம்மள வகுக்க முடியாது."

அண்ணாச்சி தன் எண்ணைக் கேட்டார். இரண்டு, மூன்று, எட்டு, ஒன்பது, பதிமூன்று, எதனால் வகுத்தாலும் மீதி வராது என்றாய். அந்த எண்ணை விட்டுவிட்டு மற்ற வகுஎண்களைக் கூட்டினாலே அதைத் தாண்டிவிடும், மிகையெண் என்று பெயர் என்றாய். அவர் தூக்குவாளியை நம் பக்கம் தள்ளினார். "அதாம்லே என் சோத்த தினம் ஆளாளுக்குப் பங்கு போடப்போறிய."

ஒரு மதியம் இரண்டு பெட்டிகளுக்கு இடையில் நீ நசுங்கிப்போனாய். ஒப்பந்தக்காரருக்கு நீ வெறும் எண். அந்த எண்ணையும் ஒழுங்காக எழுதவில்லை. அறிக்கையில் 100115 என்று இருந்தது. ஐந்தில் முடிவது உன் எண்ணாக இருக்காது என்று மேற்பார்வையாளரிடம் சொன்னேன். "ஆளே போயாச்சு, நம்பர்ல என்னலே இருக்கு?" என்றார்.

இருந்தது. 100115-க்கு உரியவர் அன்று விடுப்பு. அந்த எண் அன்று கேட்டைத் தாண்டவில்லை என்று பதிவேடு சொன்னது. ஒரு வாரத்தில் பிழையே அவர்களுக்கு வசதியாகிவிட்டது. நீ உள்ளே வரவேயில்லை என்றார்கள். உன்னைப் பார்க்கவில்லை என்று எங்கள் இருவரிடமும் கையெழுத்துக் கேட்டார்கள்.

அண்ணாச்சி தாளைத் திருப்பி நீட்டினார். "அவன நாந்தாம்யா தூக்குனேன்" என்றார். மறுநாள் கேட்டில் அவருடைய பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

நான் கையெழுத்துப் போட்டேன். புது பாஸ் அதற்குத்தான். வகுபடாத எண்காரன்.

நேற்று உன் அம்மா தருவைகுளத்திலிருந்து வந்திருந்தார். என் வீட்டு வாசலிலேயே நின்று கேட்டார்: "உள்ள வரலன்னா, எம்புள்ள எங்கனப்பா செத்தான்?"

தெரியாது என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். திட்டியிருக்கலாம். அதற்குப் பதில் சாப்பிட்டாயா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். அதுவும் பொய். இந்த இரண்டு பொய்களோடுதான் நாளை காலை ஷிப்டுக்குப் போகிறேன்.