அக்காவை மேடைக்குக் கூப்பிட்ட பிறகு

ஜூலை 8, திங்கள்

வாசிப்பறை அலமாரியில் மிச்சமிருந்த ஆய்விதழ்களை எல்லாம் இன்று இறக்கி பைண்டிங்குக்கு அனுப்பியாயிற்று. இந்த வருடம் முதல் அச்சு இதழ் எதற்கும் சந்தா கிடையாது. எல்லாமே மின்னிதழ். தட்டுகளில் இதழ்கள் இருந்த இடம் மட்டும் தூசியில்லாமல் பளிச்சென்று தெரிந்தது. எனக்கு வருத்தமே வரவில்லை. இது வேண்டும் என்று கல்லூரி முதல்வரிடம் நச்சரித்து வாங்கியவளே நான்தானே.

வாங்கியாயிற்று. திறந்து பார்க்கத்தான் ஆளில்லை. முதல்வர் கூப்பிட்டு, "வாங்கி வச்சு அழகு பார்க்கவா? ஆசிரியர்களை உபயோகிக்க வைக்கிறது நூலகரோட பொறுப்பு," என்றார். தாவரவியல் துறையிலிருந்து இதுவரை ஒருவர்கூட உள்ளே நுழையவில்லை என்பதையும் சொன்னார், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே. அந்தத் துறைக்குத் தலைவர் என் அக்கா.

ஜூலை 11, வியாழன்

அக்கா நூலகத்துக்கு வந்தாள். காலி அலமாரி முன்னால் நின்றுகொண்டு, "என் பாசி இதழ் எங்கடி?" என்றாள். அவள் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தது குளத்துப் பாசியைத்தான்.

"கம்ப்யூட்டர்ல இருக்கு. உட்காரு, அஞ்சே நிமிஷத்துல காட்டித் தர்றேன்."

"எனக்குத் தாள்ல வேணும்."

"தாள்ல இனிமே வராதுக்கா."

திரும்பிப் போய்விட்டாள். என்ன பிடிவாதம் இது! ஐம்பத்து நாலு வயது ஒரு வயதா? வீட்டில் இவரிடம் சொன்னேன். "உங்கக்கா மட்டும் மாறிட்டா, மத்தவங்க தானா மாறிடுவாங்க," என்றார் பேப்பரிலிருந்து தலை தூக்காமல். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் விஷயம் இருக்கிறது.

ஜூலை 17, புதன்

நாளை கருத்தரங்கக் கூடத்தில் மின்னிதழ் விளக்கக் கூட்டம். நான் பேசினால் தூங்குவார்கள். ஆசிரியர் ஒருவரையே மேடைக்கு அழைத்து, பெரிய திரையில் எல்லோரும் பார்க்க, ஒரு கட்டுரையைத் தேடி எடுக்கச் சொன்னால்? அதுவும் அக்காவையே?

முன்கூட்டிச் சொன்னால் வரமாட்டாள். சொல்லப்போவதில்லை.

ஜூலை 18, வியாழன்

கூட்டம் நல்லபடியாக முடிந்தது. கூடம் நிறைந்திருந்தது. சிரிப்பு, கைதட்டல், முதல்வருக்கு ஏக சந்தோஷம். அக்கா என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டாள். கோபமாக இருக்கும். நாளைக்குச் சரியாகிவிடுவாள்.

ஜூலை 19, வெள்ளி

யாரோ எடுத்த காணொளி கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் சுற்றுகிறது. பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். இல்லை, பார்த்துத்தான் ஆக வேண்டும்.

அக்கா கணினி முன்னால் நிற்கிறாள். அவள் கை மவுஸைத் தேடி மேசையில் ஊர்கிறது. கிடைத்ததும் அம்புக்குறியைத் திரை முழுக்க அலையவிடுகிறாள். முகத்தைத் திரைக்கு வெகு அருகில் கொண்டுபோகிறாள். தப்பான இடத்தில் தட்டுகிறாள். மறுபடியும். முன்வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்புகிறது. அதுவரைக்கும் கூடப் பரவாயில்லை. ஒலிபெருக்கியில் என் குரல் வருகிறது: "எங்க அக்கா இன்னும் கல்வெட்டுலதான் படிப்பாங்க. யாராச்சும் ஒரு உளி கொண்டாந்து குடுங்க."

கூடம் அதிர்கிறது. எனக்கே சிரிப்பு தாங்கவில்லை. என் பல் எல்லாம் தெரிகிறது.

கல்லூரியில் அவளை 'மேடம்' என்றுதான் எப்போதும் கூப்பிடுவேன். 'அக்கா' என்று சொன்னால் இன்னும் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துதான் சொன்னேன்.

ஜூலை 22, திங்கள்

இதை எப்படி எழுதுவது.

அக்காவின் ஆய்வு மாணவி வந்தாள். மின்னிதழிலிருந்து ஒரு கட்டுரையை அச்செடுத்துத் தரச் சொன்னாள். "மேடத்துக்கு வாசிச்சுக் காட்டணும்."

"வாசிச்சுக் காட்டணுமா?"

"ஆமா மேடம், தினமும் நான்தான் சத்தமா வாசிப்பேன். என் உச்சரிப்பு திருந்தணுமாம். மைக்ராஸ்கோப்ல கூட நான் பார்த்துச் சொல்வேன், மேடம் கண்ணை மூடிட்டுக் கேட்பாங்க. அவ்வளவு கவனம்." பெருமையாகச் சொன்னாள்.

எவ்வளவு நாளாக என்று கேட்டேன். அவள் சேர்ந்த நாளிலிருந்தாம். போன வருடம்.

பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் போனில் வந்ததை என்னிடம் நீட்டி, "நீயே படி, கண்ணாடி எடுத்துட்டு வரல," என்பாளே. படி இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொள்வாளே. வயதாக ஆகப் பாசம் கூடுகிறது என்று நினைத்துக்கொண்டேனே, மடச்சி.

ஜூலை 23, செவ்வாய்

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். தனியாக இருக்கும் வீடு. எப்போதும்போல் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. இப்போதுதான் அது ஏன் என்று புரிகிறது. டீ ஊற்றினாள். குவளையின் விளிம்புக்குள் ஒரு விரலை வைத்து, சூடு தொட்டதும் நிறுத்தினாள்.

"அக்கா, உன் கண்ணு…"

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல."

டீப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். பிறகு, யாரோ மூன்றாம் மனுஷிக்கு நடந்ததைச் சொல்வதுபோல் சொன்னாள். "நடுவுல ஒண்ணும் தெரியாது. ஓரத்துல தெரியும். இப்ப உன்னை நேரா பார்த்தா மூஞ்சி இருக்காது, காது மட்டும் இருக்கும். தாளா இருந்தா ஜன்னல் பக்கம் சாய்ச்சு வச்சு, ஓரக்கண்ணால எப்படியோ ஒப்பேத்திடுவேன். உன் கம்ப்யூட்டர் பளபளன்னு அடிக்குது. ஒண்ணும் புரியல."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"போனது போனதுதான்னார்."

"என்கிட்ட ஏன் சொல்லல? தெரிஞ்சிருந்தா நான்…"

"தெரிஞ்சிருந்தா கூப்பிட்டிருக்க மாட்டே. அதானே?" குவளையை என் பக்கம் நகர்த்தினாள். "கண்ணு நல்லா இருக்கிறவளா இருந்தா மேல ஏத்தி வச்சு சிரிக்கலாமா?"

வழி முழுக்க அதற்குப் பதில் தேடினேன், இப்போதும் தேடுகிறேன். அவள் அளந்து ஊற்றிய டீயைக்கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

ஜூலை 28, ஞாயிறு

புத்தியே வராது எனக்கு.

வாரம் முழுக்க உட்கார்ந்து ஒரு டேப்லெட்டைத் தயார் செய்தேன். அவளுடைய பாசி இதழ்கள் அத்தனையும் அதில். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து, உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கலாம். தொட்டால் சத்தமாக வாசித்தும் காட்டும். அச்சில் இது முடியுமா? அவளுக்குத்தான் மின்னிதழ் மற்ற எவரையும்விட உதவும் என்று பேருந்தில் போகும்போதே பேச்சைத் தயார் செய்துகொண்டேன். அக்கா வீட்டு வாசலில் நின்றபடியே ஒப்பித்தேன்.

கடைசி வரை கேட்டாள். "நீ மன்னிப்புக் கேக்க வந்தியா, சரக்கு விக்க வந்தியா?"

"உனக்கு உதவுமேன்னுதான்…"

"கண்ணு போச்சுன்னு நானே இன்னும் எனக்குச் சரியா சொல்லிக்கல. அதுக்குள்ள நீ பெட்டியைத் தூக்கிட்டு வந்து நிக்கிறே. எடுத்துட்டுப் போ."

எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஜூலை 30, செவ்வாய்

மன்னிப்பு என்ற வார்த்தையை நான் இன்னும் சொல்லவே இல்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மின்னிதழ் பார்ப்பவர்கள் எண்ணிக்கை ஏறிவிட்டது. முதல்வர் தட்டிக்கொடுத்தார். ஏன் ஏறியது என்று எனக்குத் தெரியும். வேதியியல் ஆசிரியர் ஒருவர் இன்று வந்து, கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, "எனக்குக் கொஞ்சம் சொல்லிக்கொடுங்க மேடம். மேடைக்கு மட்டும் கூப்பிட்டுடாதீங்க," என்றார். என்னைவிட மூத்தவர். இப்படித்தான் வருகிறார்கள், ஒவ்வொருவராக, பயந்துபோய்.

முதல்வர் இன்னொன்றும் சொன்னார். பக்கத்துக் கல்லூரியில் நம் வெற்றியைப் பற்றி நான் பேச வேண்டுமாம். "அந்த வீடியோவை முதல்ல போடுங்க. கூட்டம் கலகலன்னு ஆயிடும்."

"சரி சார்," என்றேன்.

சரி சார்! வாய் ஏன் இப்படித் தானாகப் பேசுகிறது? மறுத்தால் ஏன் என்று கேட்பார். காரணம் சொன்னால் அக்காவின் கண் விஷயம் வெளியே வரும் — இதுதான் நான் எனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம். பொய். அவர் பாராட்டு எனக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

வீட்டில் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, "நானும்தான் அன்னைக்கு அந்த வீடியோவைப் பார்த்துச் சிரிச்சேன்," என்றார். அதற்குமேல் இரண்டு பேருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

ஆகஸ்ட் 14, புதன்

காலையில் முதல்வர் அறைக்குப் போனேன். "சார், அந்த வீடியோவைப் போட மாட்டேன்."

"ஏன்? உங்கக்கா கோவிச்சுக்கிட்டாங்களா?"

"இல்ல சார். அதுல நான் பேசினது அசிங்கமா இருக்கு."

"சும்மா விளையாட்டுக்குத்தானே, மேடம்."

"நான் மட்டும்தான் சார் விளையாடினேன். அவங்க விளையாடல."

பேனாவைத் திருகிக்கொண்டே இருந்தார். "அப்ப அங்க பேச வேற ஆளை அனுப்பிக்கிறேன்," என்றார். சரி என்றேன். இந்த முறை சரி சொல்ல வேண்டிய இடம் அதுதான்.

காணொளியைப் போட்ட பையனைப் பிடித்து நீக்கச் சொன்னேன். குழுவில் நானே எழுதினேன்: அன்று மேடையில் ஒரு மூத்த ஆசிரியரைச் சொல்லாமல் கொள்ளாமல் ஏற்றிவைத்துக் கேலி செய்தேன், அது என் தவறு, அவரிடமும் உங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன், இனி யாரையும் மேடைக்கு அழைக்க மாட்டேன், கற்க வேண்டியவர்கள் என் அறைக்கு வரலாம், கதவைச் சாத்திக்கொண்டே சொல்லித் தருவேன். சிலர் கட்டைவிரல் காட்டினார்கள். பலர் ஒன்றுமே போடவில்லை. அந்த அமைதியில் நாள் முழுக்கக் காது சுட்டது.

ஆகஸ்ட் 16, வெள்ளி

அக்கா போன் செய்தாள். "குரூப்ல என்னவோ எழுதியிருக்கியாமே. அந்தப் பொண்ணு வாசிச்சுக் காட்டினா."

"ம்."

"ரெண்டு எழுத்துப் பிழை இருக்காம்."

வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 2, திங்கள்

அக்கா தானாகவே கண் விஷயத்தை முதல்வரிடம் சொல்லிவிட்டாள். ஆய்வக வகுப்புகள் வேறொருவருக்கு. பாடம் மட்டும் எடுப்பாள், துறைத் தலைவர் பதவியையும் விட்டுவிட்டாளாம். மாணவி கழிவறையில் போய் அழுததாகக் கேள்வி. எனக்கு எல்லாமே கேள்விதான். மதியம் பணியாளர் அறையில் பேசிக்கொண்டதை, கையில் டிபன் டப்பாவோடு நின்று கேட்டேன். தங்கைக்குத் தெரியாமலா இருக்கும் என்று ஒருவர் என்னைப் பார்த்தார். தெரிந்ததுபோல் தலையாட்டினேன்.

முதலில் என்னிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று ஒரு நொடி கோபம்கூட வந்தது. எந்த முகத்தோடு?

செப்டம்பர் 21, சனி

அரைநாள் கல்லூரி. நூலகத்தில் யாரும் இல்லை. மாணவியின் தோளைத் தொட்டபடி அக்கா வந்தாள். மூலையில் இருக்கும் கணினி முன் உட்கார்ந்து, மாணவியைப் போகச் சொன்னாள். "அது என்னமோ படிச்சுக் காட்டும்னியே. போடு பார்ப்போம்."

நான் ஒரு வார்த்தை விளக்கவில்லை. இந்த மாதத்துப் பாசி இதழைத் திறந்தேன், பின்னணியைக் கறுப்பாக்கினேன், ஹெட்ஃபோனைக் கொடுத்தேன். தலையை ஒருபக்கம் சாய்த்துக் கேட்டாள்.

"என்ன இது, இப்படி இழுத்து இழுத்துப் படிக்குது. வேகத்தைக் கூட்டு."

கூட்டினேன்.

"இன்னும்."

வெளியே கசிந்து வந்த சத்தத்தில் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. அவள் தலையாட்டினாள். ஓரிடத்தில், யாரோ தப்பாக எழுதிவிட்டதைக் கண்டுபிடித்தவள்போல் உதட்டைப் பிதுக்கினாள். அந்த உதட்டுப் பிதுக்கலைப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

"என்னை மன்னிச்சிடுக்கா," என்றேன், அவள் முதுகுக்குப் பின்னால் நின்று.

ஒரு காதை விடுவித்தாள். "என்ன?"

"மன்னிச்சிடுன்னேன்."

"இன்னும் இல்ல," என்றாள். "அடுத்த பக்கத்துக்கு எப்படிப் போறது?"

குனிந்து அவள் விரலைப் பிடித்து விசையின்மேல் வைக்கப் போனேன்.

"கையைப் பிடிக்காதே. வாயால சொல்லு."

சொன்னேன்.